ஒற்றை ஒயரை நம்பி ஓடும் பெட்ரோல் பம்ப்

சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்து வரும் பழைய அம்பாஸடர் சிக்னலுக்குச் சிக்னல் திணறி, கடைசியில் நின்றேவிடும். பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து எஞ்சினோடு ஒட்டிய பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, பக்கத்தில் எஞ்சின் சூடு. பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்கிறது. மின்சார பம்பை டேங்க் அருகே தாழ்வாக வைத்தால், உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளும். இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். வாரக்கணக்கில் நின்ற வண்டிக்கும் ஸ்டார்ட்டரை அரைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் டயாஃப்ரம்களைப் பதம் பார்க்கும் இந்நாளில், மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே மின்சார பம்புக்கு மாறுவதை நான் எதிர்க்கவில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கும் விதம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

வழக்கமான வேலை இப்படித்தான் நடக்கிறது: இக்னிஷன் காயிலின் பிளஸ் முனையிலிருந்து ஒரு ஒயர், பம்பின் மறுமுனை பாடியில் எர்த், முறுக்கிய இணைப்பின் மேல் டேப். சீக்கிரம் முடியும், செலவு குறைவு, நடுவழியில் கோளாறு வந்தால் எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்துவிடலாம். அந்த எளிமை உண்மையான பலம்தான். மோரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்தே எஸ்.யு. மின்சார பம்போடு வந்ததே, சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென்று அடிக்குமே என்றும் சொல்வார்கள். வந்தது உண்மை. ஆனால் பெட்ரோல் குழாய் அறுந்தால் பம்பை நிறுத்த அதில் தனி ஏற்பாடு இல்லை; அதை முன்மாதிரியாகக் கொள்வதற்கில்லை.

பழைய மெக்கானிக்கல் பம்பை கேம்ஷாஃப்ட் தள்ளினால்தான் அது அடிக்கும். எஞ்சின் நின்றால் பெட்ரோலும் நின்றது. அந்தக் காவலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எதையும் வைக்காததுதான் ஒற்றை ஒயர் முறையின் பெரிய குறை. அம்பாஸடரின் 1489 சிசி எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். எஞ்சின் ஆஃப் ஆகி, சாவி மட்டும் ஆனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீடில் வால்வில் ஒரு தூசி சிக்கியிருந்தால் போதும், வழியும் பெட்ரோல் கொதிக்கும் இரும்பின் பக்கமாகவே இறங்கும். விபத்தில் குழாய் அறுந்தால் இன்னும் மோசம்: மணிக்கு 100 லிட்டர் தள்ளும் பம்ப், நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தரையில் கொட்டும்.

இரண்டாவது குறை ஃப்யூஸ் இல்லாதது. ஃப்யூஸ் பம்பைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஒயரைக் காப்பதற்கு. டிக்கி வரை போகும் ஒயர், கிரோமெட் இல்லாத ஓட்டையின் தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்தக் கால லூகாஸ் ஒயரிங்கில் இக்னிஷனிலிருந்து வரும் வெள்ளை ஒயருக்கு ஃப்யூஸ் கிடையாது; பச்சைக்குத்தான் உண்டு. காயிலில் ஒட்டு போடுகிறவர் அந்தக் காப்பில்லாத வெள்ளையையே நீட்டுகிறார். காயிலுக்கு முன் பேலாஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால் பம்புக்கு 12 வோல்ட்டும் வராது.

ஒயரின் தடிமனும் முக்கியம். 5 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு 4 மீட்டர் தூரம் அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் சுமார் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒன்றரை சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்டோடு முடியும். பேட்டரியிலிருந்து ஒரு கையளவில் ஃப்யூஸ், பிறகு ரிலேயின் 30-ஆம் முனை, 87-இலிருந்து பம்ப். சாவியின் மின்சாரம் ரிலேயின் காயிலை மட்டும் இயக்கட்டும். இதோடு, இன்ஜெக்‌ஷன் காரின் பம்பைக் கார்புரேட்டர் வண்டியில் மாட்டவே கூடாது. சுமார் 3 பார் அழுத்தத்தை எந்த நீடில் வால்வும் தாங்காது.

இழந்த காவலை மீட்க மூன்று வழிகள் உண்டு. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக ரிலேயை இயக்குவது மலிவு. ஆனால் ஸ்டார்ட் செய்யும்போது தனி வழி கொடுக்க வேண்டும். தேய்ந்த எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் பிரஷர் இறங்கினால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். இனர்ஷியா ஸ்விட்சில் காந்தம் பிடித்து வைத்திருக்கும் எஃகுக் குண்டு, மோதலில் விடுபட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும். மோதலுக்கு அது அருமை. மோதாமல் எஞ்சின் ஆஃப் ஆன வண்டிக்கு உதவாது. மூன்றாவது, இக்னிஷன் காயிலின் துடிப்பைக் கவனிக்கும் ரிலே. பாஷ் கே-ஜெட்ரானிக் பொருத்திய பல ஐரோப்பிய கார்களில் இதுதான் வந்தது: துடிப்பு நின்றால் பம்பும் நிற்கும். மெக்கானிக்கல் பம்பின் இயல்புக்கு மிக அருகில் வருவது இதுவே. என் தேர்வு இந்த ரிலேயும் இனர்ஷியா ஸ்விட்சும் சேர்ந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ரிலே.

நடுவழியில் ரிலே போனால் என்ன செய்வது என்ற ஆட்சேபம் நியாயமானது. உதிரி ரிலே ஒன்றை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம். காவலையே நீக்கி நேரடி ஒயர் போடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது, எஞ்சின் ஓட்டத்தில் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்சை விட்டு ஆஃப் ஆக விடுங்கள்; சாவி ஆனிலேயே இருக்கட்டும். இரண்டு மூன்று நொடியில் பின்னால் பம்ப் சத்தம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை முடியவில்லை என்று சொல்லி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.