ஆற்றுப்படுத்தலும் அழைத்துச்செல்லலும்: சந்தியாகப்பர் பெருவழியில் சிறுகுழு மரபுச்சுற்றுலா – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பெயினின் வடமேற்கிலுள்ள சந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகருக்குச் செல்லும் நடைவழி, இடைக்காலம் முதல் கிறித்தவ யாத்திரை வழியாக விளங்கி வருகிறது. அவ்வழியின் தெரிந்தெடுத்த பகுதிகளை வழிகாட்டியோடும் துணை வாகனத்தோடும் நடக்கச்செய்யும் சிறுகுழு மரபுச்சுற்றுலாக்கள் இன்று பரவலாக நடத்தப்படுகின்றன. இத்தகைய சுற்றுலாவின் பயணநிரலைப் பனுவலாகக் கொண்டு, அதனை 12ஆம் நூற்றாண்டு இலத்தீன் யாத்திரிகர் கையேட்டோடும் தமிழ் ஆற்றுப்படை மரபோடும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. யாத்திரை மரபின் உயிர்நாடி வழிப்போக்கருக்கும் வழியில் வாழ்வோருக்கும் இடையிலான ஈதல்-ஏற்றல் உறவே என்பதும், மரபுச்சுற்றுலாவை அவ்வுறவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: யாத்திரை, மரபுச்சுற்றுலா, சந்தியாகப்பர், காமினோ, ஆற்றுப்படை, விருந்தோம்பல்

முன்னுரை

இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான புனித யாக்கோபு, தமிழ்க் கத்தோலிக்க மரபில் சந்தியாகப்பர் என்றும் ஈழத்தில் சந்தியோகுமையோர் என்றும் வழங்கப்படுகிறார். ஐபீரியத் தீபகற்பத்தின் ‘சந்தியாகோ’ என்னும் பெயரே கடல் கடந்து வந்து இவ்வாறு தமிழொலி பெற்றது. யாழ்ப்பாணத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சந்தியோகுமையோர் அம்மானை இப்பெயரின் தமிழ் வாழ்வுக்குச் சான்று. அப்புனிதரின் கல்லறை உள்ளதாக நம்பப்படும் கொம்போஸ்தெலாப் பேராலயத்தை நோக்கிச் செல்லும் வழிகள் ‘காமினோ’, அதாவது ‘வழி’ என்றே அழைக்கப்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது பிரெஞ்சு வழி. பிரனீசு மலையடிவாரத்திலுள்ள சான் ஜான் பியே தெ போர் என்னும் பிரெஞ்சு ஊரிலிருந்து தொடங்கினால் அதன் நீளம் ஏறத்தாழ 780 கிலோமீட்டர்.

நூற்றாண்டுகள் பலவற்றில் தளர்ந்துகிடந்த இவ்வழி 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டெழுந்தது. ஓ செப்ரேரோ என்னும் மலையூரின் பங்குத்தந்தையான எலியாஸ் வலீன்யா 1980களில் வழி நெடுகிலும் மஞ்சள் அம்புக்குறிகளைத் தீட்டினார். 1987இல் ஐரோப்பிய மன்றம் இதனைத் தனது முதல் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993இல் ஸ்பெயினிலுள்ள பகுதி யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில ஆயிரத்தைத் தாண்டாத யாத்திரிகர் எண்ணிக்கை, பேராலயத்தின் யாத்திரிகர் அலுவலகக் கணக்குப்படி 2024இல் ஏறத்தாழ 4,99,000 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சியின் ஒரு விளைவே சிறுகுழு மரபுச்சுற்றுலா.

பயணநிரல் என்னும் பனுவல்

இத்தகைய சுற்றுலாவின் பயணநிரல் பெரும்பாலும் ஒரே அமைப்பை உடையது. பத்து முதல் பதினாறு பேர் கொண்ட குழு, உடன்வரும் வழிகாட்டி, முன்பதிவு செய்யப்பட்ட விடுதிகள், பெட்டிகளை அடுத்த ஊருக்குக் கொண்டுசேர்க்கும் வாகனம், நாளொன்றுக்கு நடக்கவேண்டிய தொலைவு, அதன் கடுமை குறித்த தரவரிசை. பத்துப் பன்னிரண்டு நாள்களுக்குள் பிரனீசு மலையையும் பூர்கோஸ், லெயோன் நகரங்களின் பேராலயங்களையும் யாத்திரிகர்கள் கல் வைத்துச் செல்லும் இரும்புச் சிலுவையையும் தொட்டுவிட வேண்டும் என்பதால், சமவெளியின் நீண்ட நடைகள் வாகனத்தில் கடக்கப்படுகின்றன; அழகிய பகுதிகள் நடக்கப்படுகின்றன. இறுதிப் பகுதி மட்டும் பெரும்பாலும் முழுமையாக நடக்கப்படுகிறது. அதற்கும் காரணம் உண்டு. ‘கொம்போஸ்தெலா’ எனப்படும் யாத்திரைச் சான்றிதழைப் பெற, நடந்து வருவோர் குறைந்தது 100 கிலோமீட்டர் தொலைவை நடந்திருக்க வேண்டும். அவ்வெல்லைக்குச் சற்று அப்பால் அமைந்த சார்ரியா, சான்றிதழ் பெறுவோருள் வேறெந்த ஊரையும்விட அதிகமானோர் நடையைத் தொடங்கும் ஊராகியிருப்பது தற்செயலன்று.

இந்நிரலைப் படிக்கும்போது இரண்டு கூறுகள் வெளிப்படுகின்றன. முதலாவது, வழி இங்கே தொடர்ச்சியை இழந்து காட்சிகளின் தொகுப்பாகிறது. இரண்டாவது, வழியில் வாழும் மனிதர்கள் நிரலில் இடம்பெறுவதே இல்லை. ஆலயம், பாலம், மடம், மது, உணவு ஆகிய அனைத்துக்கும் பெயர் உண்டு. அவற்றைக் காத்துவருவோருக்குப் பெயரும் இல்லை, பணியும் இல்லை. உணவு ‘வழங்கப்படும்’, அறை ‘ஏற்பாடு செய்யப்படும்’ என்னும் செயப்பாட்டு வினைகள் கொடுப்பவரை மறைத்துவிடுகின்றன. மொழியின் இக்கூறு நிரலின் உள்ளியல்பைக் காட்டுவதால் கருதத்தக்கது.

பழைய கையேடும் ஆற்றுப்படையும்

இப்பயணநிரலுக்கு முன்னோடியாகப் பெரிதும் சுட்டப்படுவது, காலிக்ஸ்தினுஸ் சுவடியின் ஐந்தாம் பகுதியான 12ஆம் நூற்றாண்டு யாத்திரிகர் கையேடு. பிரான்சின் நான்கு வழிகள் ஸ்பெயினில் ஒன்றாய்க் கூடுவதை அது விளக்குகிறது. மலைக்கணவாயிலிருந்து கொம்போஸ்தெலா வரையுள்ள தொலைவைப் பதின்மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. அவற்றுள் சில குதிரையில் கடப்பதற்குரியவை எனக் குறிக்கிறது. இந்த அளவில் அதுவும் ஒரு பயணநிரலே.

ஆயினும் அதன் அக்கறை வேறு. எந்த ஆற்றின் நீர் குடிக்கத்தக்கது, எந்த ஆற்றின் நீர் குதிரையைக் கொல்லும், எந்தத் துறையின் ஓடக்காரர் ஏமாற்றுவர் என்பனவற்றை அது எச்சரிக்கையோடு சொல்கிறது. வழியைச் செப்பனிட்டோரின் பெயர்களுக்கெனத் தனி இயல் வைத்திருக்கிறது. இறுதி இயலோ யாத்திரிகரை வரவேற்கவேண்டிய முறையைப் பேசுகிறது. ஏழையாயினும் செல்வராயினும் யாத்திரிகர் அன்போடு ஏற்கப்பட வேண்டும் என்பது அதன் அறம். சாம்பலில் அப்பம் சுட்டுக்கொண்டே இல்லையென்று மறுத்த பெண்ணின் அப்பம் கல்லாக மாறியதும், புவாத்தியே நகரில் இடம்தர மறுத்த தெருவின் வீடுகள் அன்றிரவே எரிந்து, இடமளித்த ஏழையின் வீடு மட்டும் தப்பியதும் அங்கே கதைகளாக வருகின்றன. ஆகவே அக்கையேடு நடப்பவரை நோக்கி மட்டும் பேசவில்லை. வழியில் வாழ்வோரை நோக்கியும் பேசுகிறது.

தமிழ் வாசகருக்கு இவ்வமைப்பு அயலானதன்று. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிர்வரும் கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் தரும் விளக்கம். சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஒவ்வோர் ஊரிலும் யார் என்ன உணவு தருவர் என்று சொல்லிச் செல்கிறது. மலைபடுகடாம் பன்றிக்கு வைத்த பொறிகளையும் தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும் எச்சரித்து, மலைக்குடியினரின் விருந்தையும் உறுதியளிக்கிறது. திருமுருகாற்றுப்படை இவ்வடிவத்தை இறையருள் நோக்கித் திருப்பியது. இலத்தீன் கையேட்டுக்கும் இவற்றுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. காலமும் நோக்கமும் வேறு. எனினும் இரண்டிலும் வழி பற்றிய அறிவு என்பது, இடர் எங்கே, ஈவோர் எங்கே என்னும் அறிவாகவே அமைகிறது.

இவ்வொப்பீட்டிலிருந்து ஒரு வேறுபாடு துலங்குகிறது. ஆற்றுப்படுத்துபவர் உடன்வருவதில்லை. வழியைச் சொல்லிவிட்டுத் தம் வழியே போகிறார். கேட்டவர் அவ்வறிவைக் கொண்டு தாமே நடந்து, தாமே கேட்டு, தாமே பெறுகிறார். வலீன்யாவின் மஞ்சள் அம்புக்குறியும் இவ்வகையினதே. சுற்றுலா வழிகாட்டியோ அழைத்துச்செல்கிறார். கேட்கவேண்டியவற்றை அவரே முன்கூட்டிக் கேட்டு முடித்திருக்கிறார். ‘செயலூக்கமுள்ள பயணியர்’ என்னும் விளம்பரச் சொல் இங்கு ஆராயத்தக்கது. செயலூக்கம் பெறுவது கால்கள் மட்டுமே. தேர்தல், வினவுதல், காத்திருத்தல், ஏமாறுதல், நன்றி கூறுதல் ஆகிய செயல்கள் அனைத்தும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிடுகின்றன.

எதிர்வாதங்கள்

இம்மதிப்பீட்டிற்கு வலுவான மறுப்புகள் உள்ளன. இடைக்கால யாத்திரை தூய எளிமையால் ஆனதன்று. செல்வர் குதிரையில் சென்றனர். கூலி கொடுத்துத் தமக்காகப் பிறரை நடக்கச்செய்தோரும் இருந்தனர். பேராலயத்தின் வடவாயில் முன்றிலில் சிப்பிகளும் மதுக்குடுவைகளும் செருப்புகளும் தோற்பைகளும் மூலிகைகளும் விற்கப்பட்டதை அதே 12ஆம் நூற்றாண்டுக் கையேடு பதிவுசெய்துள்ளது. வணிகம் யாத்திரையைக் கெடுக்கப் புதிதாக வந்ததன்று. அது யாத்திரையோடு பிறந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் முக்கியமானது. முதியோர், நோயிலிருந்து மீண்டோர், தனியே நடக்க அஞ்சும் பெண்கள், ஒரு மாத விடுப்புப் பெறமுடியாத உழைப்பாளர் ஆகியோருக்குச் சுமை தூக்கும் வாகனமும் உறுதியான படுக்கையும் இல்லையேல் இவ்வழியே இல்லை. அவர்களது நடையைப் போலி என்று ஒதுக்குவது, வலிமையான உடலைப் பக்தியின் அளவுகோலாக்கும் பிழையாகும். மேலும், இளையோர் வெளியேறிய கலீசிய ஊர்கள் பலவற்றுக்கு நடப்போரின் வருகை வாழ்வாதாரமாக உள்ளது.

இம்மறுப்புகளை ஏற்றபின்னும் அடிப்படைக் கேள்வி எஞ்சுகிறது. பழைய யாத்திரையில் பணம் இருந்தது. ஆயினும் பணம் இல்லாதவருக்கும் இடம் இருந்தது. அவ்விடம் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கிரான்யோன் ஊரின் ஆலயத்தை ஒட்டிய சத்திரத்தில் தரையில் விரித்த மெத்தையே படுக்கை, உணவு பொதுவில் உண்ணப்படுகிறது, கட்டணம் இல்லை, இயன்றதை இடவும் தேவையானதை எடுக்கவும் திறந்த பெட்டி ஒன்று உள்ளது. இத்தகைய சத்திரங்களைத் தன்னார்வலர்களே நடத்துகின்றனர். அவர்களுள் பலர் முன்பு அவ்வழியே நடந்தவர்கள். பெற்றவர் திரும்பி வந்து தருபவராகும் இச்சுழற்சியே ஆற்றுப்படையின் அடிப்படையும் ஆகும். சுற்றுலாக் குழு இத்தகைய ஊரில் நின்று ஆலயத்தின் பீடத்தைப் பார்த்துச் செல்லக்கூடும். இப்பெட்டியோடு அதற்கு உறவில்லை. உலக மரபாகப் பாதுகாக்கப்பட்ட கற்களை அது காண்கிறது. அக்கற்களை மரபாக்கிய உறவைக் காணாமலே கடக்கிறது.

மலர்களால் மறைக்கப்பட்ட கதை

மரபுச்சுற்றுலா வழியைக் காட்டுவதோடு நில்லாமல் கதையும் சொல்கிறது. அக்கதையின் நேர்மையும் திறனாய்வுக்கு உரியது. சந்தியாகப்பருக்கு இரு வடிவங்கள் உண்டு. ஒன்று, சிப்பியும் கோலும் தாங்கிய யாத்திரிகர். மற்றொன்று, வெண்குதிரையேறி வாளோங்கிய ‘மூர்களைக் கொல்பவர்’. இரண்டாம் வடிவம், 844இல் கிளாவிகோவில் நடந்ததாகச் சொல்லப்பட்டு இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்காத ஒரு போரின் புனைவோடு இணைந்தது. அவ்வடிவம் வெறும் பழங்கதையாக நின்றுவிடவில்லை. 1937இல், உள்நாட்டுப் போரின் நடுவே, பிராங்கோவின் தரப்பு சந்தியாகப்பரை ஸ்பெயினின் பாதுகாவலராக மீண்டும் அறிவித்தது.

கொம்போஸ்தெலாப் பேராலயத்துக்குள் குதிரையேறிய சந்தியாகப்பரின் 18ஆம் நூற்றாண்டுச் சிலை உள்ளது. குதிரையின் காலடியில் வீழ்ந்துகிடக்கும் மூர்களின் உருவங்கள் மலர்களால் மறைக்கப்படுவது வழக்கம். பிறர் மனம் புண்படாதிருக்கச் செய்யும் மறைப்பு அது. அந்த நல்லெண்ணத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் மரபுச்சுற்றுலாவின் கதைகூறலும் பெரும்பாலும் இம்மலர்களையே ஒத்திருக்கிறது. ‘பண்பாடுகள் சந்தித்த பாதை’ என்னும் இனிய தொடர், அப்பாதையில் நேர்ந்த வெறுப்பை மூடிவிடுகிறது. பழைய கையேடு இவ்வகையில் ஒளிவுமறைவற்றது. நவார் நாட்டினரைப் பற்றி அது கொட்டும் வசை இன்றைய வாசகரைக் கூசச்செய்யும். அவ்வசையை ஏற்கவேண்டியதில்லை, ஆனால் அதனைப் படிக்கும் வாசகர் வழியில் அச்சமும் பகையும் இருந்ததை அறிகிறார். பயணநிரலின் வாசகர் அதனை அறிய வாய்ப்பில்லை. சமயமரபைக் காட்டுவதாகக் கூறும் பயணம், அம்மரபு யாரை வரவேற்றது என்பதோடு யாரை மிதித்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டது.

முடிவுரை

சிறுகுழு மரபுச்சுற்றுலாவை யாத்திரையின் சீரழிவு என ஒதுக்குவதும், மரபுக் காவலின் நவீன வடிவம் எனப் போற்றுவதும் ஒருசார்புடையவை. சுமையை வாகனம் தூக்குவதால் மரபு கெடுவதில்லை. தொலைவு குறைவதாலும் கெடுவதில்லை. வழிப்போக்கர் வழியில் வாழ்வோரிடம் எதையும் கேட்கவேண்டிய தேவையே இல்லாதபடி பயணம் அமைக்கப்படும்போதுதான் மரபு வெறும் காட்சியாகிறது.

எனவே இத்தகைய சுற்றுலாக்களை மதிப்பிட மூன்று வினாக்கள் பயன்படும். பயணநிரலில் ஓர் இரவேனும் கட்டணமற்ற சத்திரத்தின் பணிகளில், சமைத்தலிலோ பாத்திரம் துலக்குதலிலோ, குழு பங்குகொள்கிறதா? வழியைக் காப்போரின் உழைப்பும் பெயரும் அதன் சொற்களில் இடம்பெறுகின்றனவா? மலர்களுக்கு அடியில் உள்ளதை வழிகாட்டி சொல்கிறாரா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று விடைதரும் சுற்றுலா, அழைத்துச்செல்லும்போதே ஓரளவு ஆற்றுப்படுத்தவும் செய்கிறது. அவ்வாறு நடந்தவர் ஊர் திரும்பியபின், எதிர்வரும் மற்றொருவரிடம் சொல்வதற்குக் காட்சிகளின் பட்டியலோடு, இன்ன ஊரில் இன்னார் உண்டு என்னும் செய்தியும் இருக்கும்.