அதனதன் அங்குலம்

ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஒரு கியர் இன்னொன்றை அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஒப்பிடுவதே அங்கே வேலை. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் அளவே வேறு வகை. உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் சிலையின் உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை அங்குலம் என்கிறார்கள். ஆக, ஒவ்வொரு சிலைக்கும் அதனதன் அங்குலம். முகம் எவ்வளவு, முழங்கால் எவ்வளவு என்று பக்கத்துக் கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணக்கு ஒன்றானால் எல்லாச் சிலையும் ஒன்றுபோல் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. உதட்டோரக் குழிவின் ஆழத்தை எந்தக் கணக்கு சொல்லும்? அந்த இடம் வந்ததும் சுத்தியின் ஓசை மெலிகிறது; கல்தூளை ஊதி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி ஒரு சின்னத் தட்டு. மாணவன் குருவின் கையைப் பார்த்துத்தானே கற்கிறான்? உண்மைதான், ஆனால் அவன் பார்ப்பது உளி சாயும் கோணத்தை. தன் பிள்ளையாரின் தொந்தி அடுத்தவருடையதைவிட அழகா என்று யோசிக்க ஆரம்பித்தால், கண் உளிநுனியை விட்டு நகரும். நகர்ந்தால் தந்தத்தின் முனை போச்சு. கருங்கல்லில் ஒட்டுப்போட முடியாது.