பிடித்த காபியும் நல்ல காபியும்

காபியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத தமிழரைக் காண்பது அரிது. ஒருவருக்கு ஸ்ட்ராங், அடுத்தவருக்கு லைட், இன்னொருவருக்குச் சர்க்கரை கம்மி. இவையெல்லாம் விருப்பங்கள், விருப்பத்தில் சரி, தவறு கிடையாது. ஆனால் நம் வீடுகளிலும் காபி கிளப்புகளிலும் தலைமுறைகளாக உருவாகி வந்த பில்டர் காபிக்குப் பாணிகள் உண்டு, தரமும் உண்டு. காபிப் பிரியர் எல்லோரும் காபி அறிந்தவர் ஆகிவிடுவதில்லை.

பாணிகளில் பெரிய பிளவு சிக்கரியில்தான் தொடங்குகிறது. ஒரு துளி சிக்கரி கலந்தாலும் அதைக் காபி என்று ஏற்காத வீடுகள் இருக்கின்றன. காபி 80க்குச் சிக்கரி 20 இல்லாவிட்டால் டிகாக்ஷனில் கனமே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். சிக்கரி ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபின் இல்லை. நிறத்தையும் கனத்தையும் லேசான கசப்பினிப்பையும் தருகிறது. கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த வரியைப் படிக்காமலே பல வருஷம் ஒரே பாக்கெட் வாங்குகிறவர்கள் ஏராளம்.

அடுத்தது கொட்டை. காபிப் பழத்தில் வழக்கமாக இரண்டு கொட்டைகள் தட்டையான முகங்கள் ஒட்டிக் கிடக்கும். ஒன்றே ஒன்று உருண்டு திரண்டால் அது பீபெரி. பிளான்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபியில், 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் கொட்டை. 'பாதி பீபெரி, பாதி பிளான்டேஷன் ஏ' என்று கடையில் சொல்லும்போது நமக்கெல்லாம் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. இந்தப் பெயர்கள் கொட்டையின் வடிவையும் பருமனையும் பதப்படுத்திய முறையையும் சொல்கின்றனவே தவிர, ருசியைச் சொல்வதில்லை. ஒரு மாதத்துக்கு முன் அரைத்து வைத்த ஏ-யைவிட, நேற்று வறுத்து இன்று அரைத்த, பருமன் குறைந்த பி எவ்வளவோ மேல். அறிந்தவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது 'எப்போது வறுத்தது?' என்றுதான்.

கைப்பக்குவமும் அப்படித்தான். பில்டரின் மேல் அடுக்கில் தூளைப் போட்டு, குடையால் லேசாக அமுக்கி, கொதித்து இறக்கிய நீரை முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சற்று விட்டு மீதியை ஊற்ற வேண்டும். அமுக்கம் மிஞ்சினால் நீர் இறங்காமல் நின்று கசப்பேறும். அமுக்கமே இல்லையென்றால் மடமடவென்று இறங்கி, வெளுத்த நீர்தான் மிஞ்சும். சொட்டுச் சொட்டாக இறங்கும் முதல் டிகாக்ஷனை மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் அத்தனையும் போய்விடும்; ஆறிப்போனால் வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடேற்றலாம். இரண்டாம் டிகாக்ஷனைத் தனியாக வைத்துக்கொள்வது சிக்கனம், அதை முதலோடு கலப்பது காபிக்குச் செய்யும் அநியாயம்.

பாலைக் கும்பகோணம் மதித்த அளவுக்கு வேறு ஊர் மதிக்கவில்லை. தண்ணீர் கலக்காத, அப்போது கறந்த பசும்பால், ஒரே ஒரு முறை காய்ச்சியது என்பதுதான் டிகிரி காபியின் உயிர். இன்று நெடுஞ்சாலையோரம் பித்தளை டபரா மட்டும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. பாலில் அந்த நியமம் இல்லாத கடை டிகிரி காபி என்று பலகை வைப்பது எனக்கு வருத்தமே.

இப்போது ஒரு புதிய பாணியும் வந்திருக்கிறது. சிக்கமகளூர், ஏற்காடு என்று ஊரும் எஸ்டேட் பெயரும் பார்த்து வாங்கி, இளவறுவலாக, தராசில் எடை போட்டு, காகித வடிகட்டியில் இறக்கிப் பாலில்லாமல் குடிக்கிறார்கள். இந்த இளைஞர்கள் சிக்கரியைக் கலப்படம் என்கிறார்கள். பெரியவர்கள் அவர்கள் கோப்பையைக் கஷாயம் என்கிறார்கள். இரு தரப்பும் பேசுவது விருப்பத்தைத்தான்.

காபியைத் தொழிலாகச் சுவைப்பவர்களின் முறை வேறு. ஒரே காபியைப் பல கோப்பைகளில் ஒரே எடையில் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் கழித்து மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் விலக்கி முகர்ந்து, பிறகு உறிஞ்சிப் பார்ப்பார்கள். மணம், புளிப்பு, கனம், பின்சுவை என்று தனித்தனியாகக் குறிப்பார்கள். தனக்குப் பிடிக்காத கோப்பையையும் 'இது நல்ல காபி' என்று சொல்ல வைக்கும் பயிற்சி அது. பிரியருக்கும் அறிந்தவருக்கும் நடுவே நான் கோடு போடுவது இங்கேதான். விலையுயர்ந்த கருவிகள் வைத்திருப்பவர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடலாம். தினம் நாற்பது பேருக்குக் கலந்து கொடுக்கும் கல்யாணச் சமையல்காரர் எப்போதோ அந்தப் பக்கம் போயிருக்கலாம்.

ஆனால் அந்தச் சோதனையில் பாலுக்கு இடமில்லை. நம் காபி பாலுக்காகவே கலக்கப்படுவது. மலையுச்சி அராபிகாவின் மெல்லிய புளிப்பைப் பால் விழுங்கிவிடும். முதிர்ந்த வறுவலும், கொஞ்சம் ரோபஸ்டா வகையின் காரமும், சிக்கரியின் கனமும்தான் பாலுக்கு ஈடுகொடுத்து நிற்கும். அரைத்துக் கொடுக்கும் கடைக்காரர்களின் கலவைக் கணக்கில் இந்த அறிவு இருக்கிறது. அந்தக் கலவையைப் பாலில்லாமல் எடைபோடுவது நியாயமல்ல. பாலோடு சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே கொட்டையில் சிக்கரி இல்லாமல் நூறு கிராம், 20 சதவீதம் சேர்த்து நூறு கிராம் ஒரே நாளில் அரைத்து வாங்குங்கள். ஒரே பாலில், ஒரே அளவு டிகாக்ஷனில் இரண்டையும் கலந்து, எது எதுவென்று தெரியாதபடி வேறொருவர் கையால் வாங்கிக் குடித்துப் பாருங்கள்.