மோட்டாரின் மூக்கு

மோட்டார் வண்டியின் முன்கிராதி அழகுக்காகப் பிறந்ததல்ல. எஞ்சின் சூட்டில் கொதிக்கும் ரேடியேட்டர் நீரைக் குளிர்விக்கக் காற்று புக ஒரு வழி வேண்டியிருந்தது, அவ்வளவே. அந்த வழியைக் கிரேக்கக் கோயிலின் முகப்பாக்கிவிட்டது ரோல்ஸ் ராய்ஸ். கோடுகள் நேராகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே அவற்றை இம்மியளவு வளைத்தார்கள். பணக்காரச் செருக்குத்தான், ஆனாலும் கைவேலை தெரிந்த செருக்கு!

பி.எம்.டபிள்யூ. 1933இல் தன் 303 வண்டிக்கு இரட்டைச் சிறுநீரக வடிவில் கிராதி வைத்தது. காற்றும் புகுந்தது, வண்டிக்கு முகக்களையும் வந்தது. 2021இல் வெளிவந்த அதன் ஐஎக்ஸ் மின்சார வண்டியில் கொதிக்கும் எஞ்சினே இல்லை. சிறுநீரகமோ பூதாகாரமாக வளர்ந்து நிற்கிறது. தொட்டுப் பார்த்தால் அடைத்த பலகை! பின்னால் காமிராவும் ராடாரும் குடியிருக்கின்றன என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கட்டும், கண்ணை ஒளித்து வைக்க இத்தனை பெரிய மூக்கு எதற்கு ஐயா?