உறங்கியவர் யார்?

1914இல் மூண்ட பெரும்போருக்கு யார் பொறுப்பு என்னும் வினா நூறாண்டு கடந்தும் ஓயவில்லை. 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, தன் 231ஆம் பிரிவில் ஜெர்மனியின்மீதும் அதன் கூட்டாளிகள்மீதும் அப்பொறுப்பைச் சுமத்தியது. 1961இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியரான ஃபிரிட்ஸ் ஃபிஷரே தம் நாட்டு ஆட்சியாளரைக் குற்றக் கூண்டில் ஏற்றினார். அக்கருத்துக்கு மறுப்பாக அமைந்தது, கிறிஸ்டோபர் கிளார்க் 2012இல் வெளியிட்ட 'தி ஸ்லீப்வாக்கர்ஸ்' என்னும் நூல். தூக்கத்தில் நடப்பவர்கள் என்பது அத்தலைப்பின் பொருள்.

நூலின் சிறப்பை முதலில் கூறுவதே முறை. கிளார்க் பெர்லினை மட்டும் நோக்கவில்லை. வியன்னா, பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன், பெல்கிரேடு ஆகிய தலைநகரங்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்துகிறார். உதுமானியரின் ஆளுகையிலிருந்த லிபியாவின்மீது 1911இல் இத்தாலி படையெடுத்ததையும், அதைக் கண்டு துணிவுற்ற பால்கன் நாடுகள் மறு ஆண்டே துருக்கியின்மீது பாய்ந்ததையும் அவர் விரிவாக எடுத்துரைக்கிறார். ஐரோப்பாவை எரித்த தீயின் முதற்பொறி வடஆப்பிரிக்க முஸ்லிம்களின் கூரையில் விழுந்தது என்பதை நம் வாசகர்கள் இப்பகுதியில் காணலாம்.

ஆயினும் நூலின் தலைப்பை நாம் ஏற்பதற்கில்லை. அத்தலைவர்கள் விழித்திருந்தும் வரவிருந்த கொடுமையைக் காணாதவர்கள் என்பது கிளார்க்கின் முடிவு. நிகழ்ச்சிகளோ வேறு கூறுகின்றன. 1914 ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டார். ஜூலை 5இல் கெய்சர் வில்ஹெல்ம் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை அளித்தார். ஜூலை 29இல் ஜெர்மானியத் தளபதி மோல்ட்கே, வரும் போர் ஐரோப்பிய நாகரிகத்தையே பல பத்தாண்டுகளுக்கு அழித்துவிடும் என்று தம் அரசுக்கு எழுதினார். அன்றிரவே ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ், தாம் இசைந்திருந்த முழுப் படைதிரட்டலை நிறுத்தினார். மறுநாள் அமைச்சரும் தளபதிகளும் வற்புறுத்தவே மீண்டும் இசைந்தார். உறங்குபவன் இவ்வாறு தயங்குவதுமில்லை, எச்சரிப்பதுமில்லை.

கண்டிருந்தும் ஏன் நடந்தார்கள்? காலம் எதிரிக்கே துணைநிற்கும் என ஒவ்வொருவரும் அஞ்சியதே காரணம் என்பது எமது துணிபு. இன்னும் சில ஆண்டுகளில் ரஷ்யாவின் படைப்பெருக்கம் நிறைவுறும் என்று பெர்லின் அஞ்சியது. ஜெர்மனி முந்திப் படைதிரட்டிவிடும் என்று பீட்டர்ஸ்பர்க் அஞ்சியது. வல்லமை குன்றிவரும் தன்னை செர்பியா விழுங்கிவிடும் என்று வியன்னா அஞ்சியது. நாளைய இழிவினும் இன்றைய போர் மேல் எனக் கணக்கிட்டவர்கள் அவர்கள். அக்கணக்குக்கு ஏறத்தாழ 90 லட்சம் வீரர்கள் பலியாயினர்.

பொறுப்பைப் பலருக்கும் பகிர்வது நேர்மையே. பகிர்ந்த பொறுப்பு எவருக்கும் இல்லாத பொறுப்பாகக் கரைந்துபோவதுதான் தீங்கு. கிளார்க் திரட்டிய சான்றுகள் அவருடைய தலைப்பைக் காட்டிலும் வலிமையானவை. அச்சான்றுகளுக்காகவே இந்நூலைப் படியுங்கள். தலைப்பு அத்தலைவர்களுக்கு வழங்கும் மன்னிப்பை மட்டும் ஏற்க வேண்டாம்.