வாசிப்பிழப்பு வகைப்பாடும் தமிழ் எழுத்தும்

எழுத்தறிவு பெற்ற ஒருவர் மூளைக் காயத்தாலோ பக்கவாதத்தாலோ படிக்கும் திறனை இழப்பது பற்றிப் பேசுவோர், 1892இல் பாரிசில் டெஜெரின் விவரித்த நோயாளியிலிருந்து தொடங்குவது மரபு. அவர் எழுத வல்லவர். தாம் எழுதியதையே பின்னர்ப் படிக்க இயலாதவர். எண்களை மட்டும் படித்தார். இவ்வாய்வு மூளையின் இடத்தைக் காட்டிற்று. மொழியைப் பற்றி அதிகம் கூறவில்லை.

மொழியியலாருக்குப் பயன்படும் வகைப்பாட்டை 1973இல் தந்தவர்கள் மார்ஷலும் நியூகோம்பும் ஆவர். பிழையையே சான்றாகக் கொண்டது அவர்களது சிறப்பு. 'லிசன்' என்று படிக்கவேண்டிய ஆங்கிலச் சொல்லை ஒருவர், ஒலியா எழுத்தையும் ஒலித்து 'லிஸ்டன்' என்றார். அது குத்துச்சண்டை வீரரின் பெயர் என்றும் விளக்கினார். இது மேற்பரப்பு வகை. மற்றொருவர் 'கனேரி' என்பதைப் 'பேரட்' என்றார். பறவை என்னும் பொருள் எட்டியது, ஒலி எட்டவில்லை. இது ஆழ்நிலை வகை.

இவ்வகைப்பாட்டின் அளவுகோல் ஆங்கில எழுத்துக்கூட்டின் ஒழுங்கின்மையாகும். எனவே அதன் சொற்பட்டியலை மொழிபெயர்த்துத் தமிழ் நோயாளியிடம் கொடுப்பதில் பொருள் வந்து சேரும், சோதனை வராது. ஒலிக்கும் எழுத்துக்கும் பொருந்தாத ஆங்கிலச் சொல்லுக்குப் 'பாய்மரப் படகு' எனப் பெயர்ப்பவர் பிழையின்றிப் பெயர்த்தும் சோதனையை அழித்துவிடுகிறார்.

அதனால் தமிழில் மேற்பரப்பு வகை தோன்றாது என முடிவுகட்டுவது அவசரம். 'பழம், பணம்' என்பவற்றின் முதலெழுத்தும் 'பயம், பலம், பக்தி' என்பவற்றின் முதலெழுத்தும் ஒன்றே. பேச்சிலோ பலர் பின்னவற்றை ஒலிப்புடன் கூறுவர். சொல்லை அறிந்தவருக்கே இது தெரியும். ஆயினும் நோயாளி காயத்திற்கு முன் எவ்வாறு ஒலித்தார் என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டறியாமல் இச்சொற்களைப் பிழைச்சான்றாக்கலாகாது. வட்டாரந்தோறும் வழக்கு மாறும்.

இதனினும் வளமானது உயிர்க்குறிகளின் இடம். வல அரைக்கோளக் காயத்தால் இடப்புறத்தைக் கவனியாதவர், சொல்லின் இடவோரத்தை விட்டுவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் அவர் முதலெழுத்தை இழப்பார் அல்லது மாற்றுவார். தமிழில் கொம்பு மட்டும் மறையலாம். அவ்வாறு மறைந்தால் 'பெட்டி' 'பட்டி'யாகும், 'பொட்டு' 'பாட்டு'ஆகும், 'கொடு' 'காடு'ஆகும். எல்லாம் பொருளுள்ள சொற்கள். கேட்பவர் இதை உயிரொலி மயக்கம் எனக் கருதக்கூடும். ஆனால் எகரம் அகரமாகவும் ஒகரம் ஆகாரமாகவும் மாறுவதற்கு ஒலியளவில் ஒரே காரணம் காட்டுவது கடினம். எழுத்தின் வடிவில் காரணம் ஒன்றே: இடக்கொம்பு விடுபட்டது. கட்புல வழுவை ஒலிவழுவிலிருந்து பிரிக்கும் இத்தகைய வாய்ப்பு ஆங்கில எழுத்தில் இல்லை.

கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரின் தூய வாசிப்பிழப்பைப் பிரதிபா கரந்த் 1981இல் வெளியிட்டார். நம் எழுத்துகளை அவற்றின் அமைப்பிலிருந்தே ஆராயும் வழி அன்றே திறந்தது. தமிழ்ச் சோதனைப் பட்டியலை அமைப்போர் 'பெட்டி-பட்டி', 'பொட்டு-பாட்டு' போன்ற இணைகளைக் கலந்து வைத்தல் வேண்டும். அதே சொற்களைச் செவிவழிக் கேட்டுத் திருப்பிச் சொல்லவும் செய்தல் வேண்டும். அங்குப் பிழையில்லை எனில் குறை ஒலிப்பில் இல்லை என்பது புலப்படும்.