நாலு மடங்கு பிக்சல் யாரைப் பார்க்கிறது?

வாசல் கேமராவை மாற்றலாம் என்று விசாரிக்கப் போனால் எல்லாரும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள். "2 மெகாபிக்சல் எல்லாம் பழசு சார், 8க்குப் போயிடுங்க, 4கே." அட்டைப்பெட்டியிலும் அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்த குறிப்பு இது.

2 மெகாபிக்சல் என்றால் 1920க்கு 1080. 4கே என்றால் 3840க்கு 2160. மொத்தப் பிக்சல் நாலு மடங்கு, ஆனால் அகலத்தில் இரண்டே மடங்கு. முகம் தெரியுமா என்பதற்கு மொத்த எண்ணிக்கையை விட, ஒரு மீட்டர் அகலத்தில் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் முக்கியம். 2014ல் வந்த ஐஇசி 62676-4 தரம் இதற்கு அளவு வைத்தது. யாரோ நிற்கிறார் என்று தெரிய மீட்டருக்கு 25 பிக்சல் போதும். பழக்கமான ஆள்தானா என்று சொல்ல 125 வேண்டும். முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250.

90 டிகிரி பார்க்கிற லென்ஸை எடுத்துக்கொள்வோம். அதில் காட்சியின் அகலம் தூரத்தைப் போல இரு மடங்கு. அப்படின்னா 2 மெகாபிக்சலில் 250 பிக்சல் கிடைப்பது சுமார் 3.8 மீட்டர் வரைக்கும். 4கேயில் 7.7 மீட்டர். சரி, லாபம்தானே? ஆனால் பழைய 2 மெகாபிக்சலிலேயே 53 டிகிரி லென்ஸ் போட்டால் அதுவும் 7.7 மீட்டர் வரை போகும். ஓரங்கள் விட்டுப்போகும், அவ்வளவுதான். கேட்டை மட்டும் பார்க்க வைக்கிற கேமராவுக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. பெட்டியில் லென்ஸ் கோணம் பொடி எழுத்தில் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அடுத்தது ராத்திரி. அதே அளவு சென்சாரில் நாலு மடங்கு பிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கிற வெளிச்சம் கால் பங்குதான். இருட்டில் கேமரா ஷட்டரை மெதுவாக்கி ஈடுகட்டப் பார்க்கும். ஷட்டர் 1/25 நொடி திறந்திருந்தால், நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர் அதற்குள் 5.6 செ.மீ. நகர்ந்திருப்பார். முகத்தின் அகலமே 16 செ.மீ. போலத்தான். மூணுல ஒரு பங்கு இழுபட்டுப் போச்சு. மெகாபிக்சலைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. கேட் பக்கத்தில் ஒரு எல்இடி பல்பு போட்டு, ஷட்டரை 1/100க்குக் கொண்டுவந்தால் இழுப்பு 1.4 செ.மீ. ஆகிவிடும்.

இதெல்லாம் நம் காசு சம்பந்தப்பட்டது. அடுத்தவர் சம்பந்தப்பட்டதும் ஒன்று இருக்கிறது. கேமரா இருக்கிற சுவரிலிருந்து 3 மீட்டரில் நம்ம கேட். வெளியே 12 அடித் தெரு, அதாவது 3.7 மீட்டர். எதிர்வீட்டுக் கேட் 6.7 மீட்டரில் வருகிறது. பழைய கேமராவில் அங்கே நிற்பவர் அடையாளம் காட்டும் அளவுக்குத் தெரிய மாட்டார். அதே ஆணியில், அதே கோணத்தில் 4கேயை மாட்டினால் எதிர்வீட்டுக்கு யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் முகத்தோடு பதிவாகும். கேமராவை யாரும் திருப்பி வைக்கவில்லை. "அப்கிரேட்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

செக் நாட்டு வழக்கு ஒன்றில் ஐரோப்பிய நீதிமன்றம் 2014லேயே சொல்லிவிட்டது: பொதுத்தெருவையும் படம்பிடிக்கிற வீட்டுக் கேமராவை வெறும் வீட்டு விவகாரமாகக் கருத முடியாது. நம்முடைய 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதை விலக்கி வைத்திருக்கிறது. எதிர்வீட்டுக்காரருக்கு இந்தச் சட்டத்தால் பெரிய துணை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. பதிவு கிளவுடில் போய் உட்கார்ந்தால் நம் கையிலும் இல்லை. ரிங் நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டுக் காணொளிகளைப் பார்த்தார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023ல் குற்றம் சாட்ட, 58 லட்சம் டாலருக்கு அது முடிந்தது.

அதனால் கேமராவே மாற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையில் கேட்க வேண்டியவை வேறு: லென்ஸ் எத்தனை டிகிரி, சென்சார் எவ்வளவு பெரிசு, ஷட்டரை நாமே வைக்கலாமா, பதிவு வீட்டிலேயே இருக்குமா, படத்தில் ஒரு பகுதியை மறைக்க வசதி உண்டா. கடைசிக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் விநோதமாகப் பார்க்கலாம். பார்க்கட்டும். மறைக்க வேண்டிய பகுதி எது என்று எதிர்வீட்டுக்காரரையே கூப்பிட்டு, திரையில் காட்டிக் கேட்டுவிடுவது உத்தமம்.